எழுத ஆசை, எந்த டிகிரி எடுப்பது?

1995 மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம், எஸ்டேட் குவார்ட்டர்ஸ் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அப்பா கேட்டார்: “மேல என்ன பண்ணலாம்னு இருக்கே கண்ணு?” ரைட்டர் ஆகப் போகிறேன் என்றேன். அவர் பேனாவைச் சட்டைப்பையில் சொருகிவிட்டு என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். “நானே ரைட்டர்தானே. இதுல என்ன சுகத்தைக் கண்டுட்டே?”

காப்பித் தோட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எஸ்டேட்டில் ரைட்டர் என்றால் செக்ரோல் எழுதுகிறவர். யார் வேலைக்கு வந்தார், யாருக்கு அரை நாள், பழம் பறிப்பில் யார் எத்தனை கிலோ, யார் வரவில்லை, எல்லாம் அந்த நீள நோட்டில் ஏற வேண்டும். அப்பா ஏற்காட்டில் முப்பத்தொரு வருடம் அதைத்தான் எழுதினார். நான் சொன்ன ரைட்டர் வேறு என்று அவருக்கு விளங்க இரண்டு நாள் பிடித்தது. விளங்கியதும் இன்னும் சங்கடமான கேள்வியைக் கேட்டார். “சரி, கதை எழுதறதுக்கு என்ன படிக்கோணும்?”

எனக்குத் தெரியவில்லை. பள்ளியில் ஒரு ஆசிரியர், “கதைன்னா தமிழ்தான், வேற என்ன” என்றார். இன்னொருவர், தமிழ் எடுத்தால் வாத்தியார் வேலைக்குத்தான் போக முடியும், பயாலஜி குரூப் படித்துவிட்டு அதை ஏன் வீணாக்குகிறாய் என்றார். கடைசியில் தாவரவியல் எடுத்தேன். யோசித்து எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். விண்ணப்பத்தில் மூன்றாவதாக எழுதியிருந்தேன், அது கிடைத்தது, அவ்வளவுதான்.

இப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் பதினொரு வருடம் புரூஃப் பார்த்தேன். அப்புறம் சொந்தமாக ஒரு சின்ன டி.டி.பி. கடை. இரண்டு சிறுகதைத் தொகுப்பு வந்திருக்கிறது. வருடா வருடம் மே, ஜூனில் அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுத்தரச் சொல்லிப் பிள்ளைகள் கடைக்கு வருகிறார்கள். அதில் ஒன்றிரண்டு பேராவது, கூட வந்த அம்மா வெளியே போன் பேசப் போன நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு “அக்கா, நானும் எழுதுவேனுங்க” என்று ஆரம்பிப்பார்கள். அவர்களிடம் வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் கதையும் கவிதையும் எழுதுவதற்கென்றே 1936 முதல் ஒரு பட்டறை நடக்கிறது. அங்கே படித்துப் பட்டமே வாங்கலாம். சேலத்தில் விண்ணப்பம் போடும் பிள்ளைக்கு முன்னால் இருக்கும் பட்டியல் வேறு. தமிழ், ஆங்கிலம், வரலாறு, பொருளியல், வணிகவியல், கணிதம், இயற்பியல், தாவரவியல் என்றுதான் அது போகும். எது என்னை எழுத்தாளர் ஆக்கும் என்று கேட்டுக்கொண்டு அந்தப் பட்டியலைப் பார்த்தால் பதில் வராது. மூன்று வருடம் எதைக் கிட்டப் போய்ப் பார்க்கப் போகிறேன் என்று கேட்டால் வரும்.

பெரிய எழுத்தாளர்கள் என்ன படித்தார்கள் என்று தேடிப் பார்த்தாலும் குழப்பம்தான் கூடும். சுஜாதா திருச்சியில் இயற்பியலும் பிறகு சென்னையில் பொறியியலும் படித்தவர். நாஞ்சில் நாடன் கணிதத்தில் முதுகலை. பெருமாள்முருகன் தமிழ் இலக்கியம் படித்து, நாமக்கல், ஆத்தூர் அரசுக் கல்லூரிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். கி. ராஜநாராயணன் கல்லூரிக்கே போகவில்லை. புதுவைப் பல்கலைக்கழகம்தான் அவரைக் கூப்பிட்டு வருகைப் பேராசிரியர் ஆக்கியது. இதை வைத்து ஒரு விதி செய்ய முடியாது. ஒன்றை மட்டும் கவனிக்கலாம்: நால்வருக்குமே எழுத்துக்கு வெளியே நன்றாகத் தெரிந்த ஓர் உலகம் இருந்தது.

சரி, செய்ய வேண்டிய முதல் வேலை பாடத்திட்டத்தைப் படிப்பது. நான் சேர்ந்தபோது சேலத்துக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. பாடத்திட்டம் என் கண்ணில் பட்டதே சேர்ந்து மூன்று மாதம் கழித்துத்தான். பெரியார் பல்கலைக்கழகம் 1997-ல் வந்தது. இன்று அதன் இணையதளத்திலேயே பாடத்திட்டங்கள் கிடைக்கின்றன. தன்னாட்சிக் கல்லூரி என்றால் அந்தக் கல்லூரியின் தளத்தில் பாருங்கள். தாள்களின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். அலகு அலகாகப் படியுங்கள். கையில் பென்சில் வைத்துக்கொண்டு, பரீட்சை இல்லாவிட்டாலும் இதைப் படிப்பேன் என்று தோன்றுகிற அலகுக்கெல்லாம் ஒரு டிக் போடுங்கள். மூன்றில் ஒரு பங்குக்குக்கூட டிக் விழவில்லை என்றால் அந்தப் பாடம் உங்களுக்கு ஒத்துவராது. பெயர் எவ்வளவு இலக்கியமாக இருந்தாலும் சரி.

இந்த வருடம் ஓமலூர்ப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். தமிழில் 97 மதிப்பெண், கவிதை எழுதுவாள். பி.ஏ. தமிழ் என்றால் மூன்று வருடமும் நாவலாகப் படிக்கலாம் என்று நினைத்திருந்தாள். பாடத்திட்டத்தை அச்செடுத்துக் கையில் கொடுத்தேன். நன்னூல், நம்பியகப்பொருள், புறப்பொருள் வெண்பாமாலை, யாப்பருங்கலக்காரிகை, தண்டியலங்காரம் என்று இலக்கண நூலாகவே வரிசையாக வர, முகம் சின்னதாகிப் போனது. இக்கால இலக்கியத்துக்கு இருந்த இடம் அவள் நினைத்ததில் கால்வாசி. “நாவல் எங்கீங்க்கா?” என்றாள். அது நீயாகப் படித்துக்கொள்வது, இதற்குத்தான் கல்லூரி என்றேன். நன்னூல் உரை ஒன்றைக் கொடுத்து, எழுத்ததிகாரத்தில் ஒரு வாரம் இருந்துவிட்டு வா, பிடிக்கவில்லை என்றால் வேறு பார்க்கலாம் என்று அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து வந்தாள். மரமும் வேரும் சேர்ந்தால் மரவேர், பெட்டி சேர்ந்தால் மரப்பெட்டி. மகர ஒற்று எங்கே போனது, பகரம் எங்கிருந்து வந்தது என்பதை ‘மவ்வீறு ஒற்றழிந்து உயிரீறு ஒப்பவும்’ என்று நன்னூலார் ஒரே வரியில் சொல்லிவிட்டாரே என்று அவளுக்குத் தாங்கவில்லை. பஸ்ஸில் வரும்போது கடைப் பலகைகளை எல்லாம் பிரித்துப் பிரித்துப் பார்த்தாளாம். அவளைத் தமிழுக்கே விண்ணப்பம் போடச் சொன்னேன். பாடத்தைச் சோதிப்பது இப்படித்தான். முதல் வருடப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி ஒரு வாரம் படித்துப் பாருங்கள். நன்றாக இருக்கும் என்று நாலு பேர் சொல்லி எடுப்பதைவிட அது மேல்.

இங்கே ஒரு நடைமுறை விஷயம், பலருக்குத் தெரிவதில்லை. அரசுக் கலைக் கல்லூரிகளில் பி.ஏ. தமிழுக்கு உங்கள் தமிழ் மதிப்பெண்ணை வைத்தும், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணை வைத்தும் தரவரிசை போடுகிறார்கள். மற்ற பாடங்களுக்குத்தான் நான்கு முதன்மைப் பாடங்களின் 400-க்கான கூட்டுத்தொகை. அதனால் மொத்தத்தில் சுமாராக வாங்கி, தமிழில் மட்டும் 97 வாங்கிய பிள்ளைக்கு முதல் கலந்தாய்விலேயே இடம் கிடைக்கலாம். “மார்க் கம்மி, வேற வழியில்லாம தமிழ் எடுத்தேன்” என்று சொல்லிக்கொண்டு யாரும் போக வேண்டாம். இன்னொன்று: பிளஸ் டூவில் அறிவியல் குரூப் படித்தவர் தமிழுக்கோ வரலாற்றுக்கோ போகலாம், கலைப் பிரிவில் படித்தவர் தாவரவியலுக்குப் போக முடியாது. பத்தாவது முடித்த பிள்ளை இதைப் படித்துக்கொண்டிருந்தால் இதை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

இனி என் பாடத்தைப் பற்றி. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன்.

முதல் வருடம் ஆகஸ்டில் ஒரு பிராக்டிகல் வகுப்பு. மேஜையில் ஆளுக்கொரு இட்லிப்பூக் கொத்து, ஒரு பிளேடு, இரண்டு ஊசி. பார்த்ததை எழுத வேண்டும். நான் ‘அழகிய சிவந்த மலர்கள் கொத்துக் கொத்தாகப் பூத்துக் குலுங்குகின்றன’ என்று ஆரம்பித்தேன். மேடம் வந்து குனிந்து படித்தார். சிவப்பு மையால் ‘அழகிய’வை அடித்தார். ‘குலுங்குகின்றன’வையும் அடித்தார். “இது எங்க குலுங்குது? டிரேயிலதானே கிடக்கு. அல்லி இதழ் எத்தனை?” எண்ணினேன். நாலு. “புல்லி வட்டம்?” நாலு. “இலை எப்படி நிக்குது?” எதிர் எதிராக. “ரெண்டு காம்புக்கும் நடுவுல என்ன இருக்கு?” அப்போதுதான் பார்த்தேன். இரண்டு இலைக்காம்புகளுக்கும் இடையில், தண்டை ஒட்டி, நகக்கண் அளவுக்குக்கூட இல்லாத ஒரு முக்கோணச் செதில். இலையடிச் செதில் என்று எழுதச் சொன்னார். ரூபியேசி குடும்பம், அதற்கு இது அடையாளம், காப்பியும் இதே குடும்பம்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ஊருக்குப் போனதும் பையைக்கூட வைக்காமல் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த காப்பிச் செடியின் கிளையை இழுத்துப் பார்த்தேன். இருந்தது. ஒவ்வொரு கணுவிலும் இருந்தது. பிறந்து பதினேழு வருடம் அந்தச் செடிகளுக்கு நடுவில் வளர்ந்திருக்கிறேன். அதன் நிழலில் தூங்கியிருக்கிறேன், பழத்தைச் சப்பித் துப்பியிருக்கிறேன், அது இருப்பது எனக்குத் தெரியாது. அடுத்த மார்ச்சில் மழை பெய்து எட்டொன்பது நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்தபோது ஒரு பூவை எடுத்துப் பிரித்தேன். இதில் அல்லி இதழ் ஐந்து. சூற்பை கீழே, உள்ளே இரண்டு சூல். இரண்டும் விதையானால் தட்டையான இரட்டைக் கொட்டை. ஒன்று மட்டும் வளர்ந்தால் உருண்டையாக ஒற்றைக் கொட்டை. அதைத்தான் அப்பா ‘பீபெரி’ என்று தனியாகக் கணக்கெழுதுவார். அப்பாவின் செக்ரோலும் என் ரெக்கார்டு நோட்டும் ஒரே விஷயத்தைத்தான் எழுதுகின்றன என்று அன்றைக்குத் தோன்றியது. அவரிடம் சொன்னேன். “அதுக்கா காலேஜு” என்றார்.

என் கதைகளில் ஏதாவது உருப்படியாக இருந்தால் அந்தச் சிவப்பு மைதான் காரணம். ஒன்றை வர்ணிப்பதற்கு முன்னால் எண்ணு, எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார், பெயர் கேள். தாவரவியல் எனக்கு இதைக் கொடுத்தது. உங்களுக்கு விலங்கியலோ புவியியலோ இதைக் கொடுக்கலாம். ஆனால் செய்முறை உள்ள பாடத்தில் இது நடப்பதற்கு வாய்ப்பு அதிகம் என்பது என் கட்சி.

இந்தப் பக்கம் நான் பட்ட கடனையும் சொல்ல வேண்டும். யாப்பும் இலக்கணமும் படிக்காமல் எழுத வந்ததற்கு வட்டியோடு கட்டினேன். அச்சகத்தில் சேர்ந்த புதிதில் எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது என்று ஒரு மண்ணும் தெரியாது. காதுக்குப் பட்டபடி போடுவேன். அங்கே மூத்த புரூஃப் ரீடர் ஒருவர், பழைய புலவர் பட்டம் வாங்கியவர், என் கதையையே ஒருநாள் வாங்கிப் படித்துவிட்டு நாற்பத்திரண்டு இடத்தில் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார். கதை எப்படி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரிடம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு வருடம் கற்றுக்கொண்டேன். தமிழ் எடுத்திருந்தால் அது சும்மா வந்திருக்கும். மாறாக, தமிழ் படித்துவிட்டு வருகிற சிலரின் கையெழுத்துப் படியில் ஒற்று ஒன்றுகூடத் தப்பாது. மூன்று பக்கம் தாண்டியும் யாரும் எதையும் சாப்பிடமாட்டார்கள், எங்கேயும் நடக்கமாட்டார்கள், எல்லாரும் மேடையில் நிற்பது மாதிரியே பேசுவார்கள். எல்லாரும் அப்படி இல்லை. நிறையப் பேர் அப்படித்தான்.

வேறு பாடம் எடுப்பவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. நம் பல்கலைக்கழகங்களில் எந்தப் பட்டம் எடுத்தாலும் பகுதி ஒன்றில் தமிழ் இருக்கிறது, பெரும்பாலான பாடங்களுக்கு முதல் இரண்டு வருடமும். செய்யுள், உரைநடை, சிறுகதை, கொஞ்சம் இலக்கிய வரலாறு எல்லாம் வரும். பி.எஸ்சி. பிள்ளைகள் அதைப் பாஸ் பண்ணினால் போதும் என்று விட்டுவிடுவார்கள். எழுத ஆசைப்படும் பிள்ளை அந்த வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார வேண்டும். தமிழ்த் துறை ஆசிரியருக்கு வேறு துறைப் பிள்ளை வந்து சந்தேகம் கேட்டால் வருகிற சந்தோஷத்தை நீங்களே பார்ப்பீர்கள். அவர் வீட்டுப் புத்தக அலமாரியே திறக்கும்.

ஆங்கில இலக்கியம் பற்றி நிறையக் கேட்கிறார்கள். நன்றாகப் படித்தால் இன்னொரு மொழியின் கதைகளை இடையில் ஆள் இல்லாமல் படிக்கலாம்; மொழிபெயர்ப்பு வேலையும் கிடைக்கும், எழுத்தைவிட அதில் காசு உண்டு. தமிழ்வழியில் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு முதல் இரண்டு பருவம் மூச்சு முட்டும். கைடு வாங்கி மனப்பாடம் செய்கிற நிலைமைக்குப் போய்விட்டால் மூன்று வருடமும் அப்படியே போய்விடும். அதனால் சேர்வதற்கு முன்பே ஓர் ஆங்கிலச் சிறுகதையை அகராதியோடு படித்து முடித்துப் பாருங்கள். முடிந்தால் எடுங்கள்.

வரலாறு எடுக்கச் சொல்லி நான் கொஞ்சம் வற்புறுத்துவேன். அந்தப் பாடத்தை யாருமே மதிப்பதில்லை, அதுதான் காரணம். 1965 வரை தர்மபுரியும் சேர்ந்ததுதான் சேலம் மாவட்டம். அந்தப் பக்கத்து நடுகற்களைப் போய்ப் பாருங்கள். இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சி ஆண்டில், இன்னாருடைய மகன், தொறு மீட்டுப் பட்டான் என்று நாலு வரி இருக்கும். தொறு என்றால் மாட்டு மந்தை. ஓட்டிக்கொண்டு போன மாடுகளை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஒரு கல். மேலே வில்லோடு ஓர் உருவம். ஒரு முழுக் கதையை இதைவிடச் சிக்கனமாக நான் படித்ததில்லை. கல்வெட்டு, பழைய ஆவணம், 1918-ல் வந்த சேலம் மாவட்டக் கெசட்டியர், இதையெல்லாம் எப்படித் தேடி எடுப்பது, எதை எவ்வளவு நம்புவது என்று பழக்கிவிடுகிற பாடம் அது.

வணிகவியல் என்றால் பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கிறார்கள். சிவதாபுரத்திலிருந்து ஒரு தம்பி வருவான். வீட்டிலேயே கொலுசுப் பட்டறை. வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார், கொலுசாக எடை போட்டு வாங்குவார், சேதாரத்துக்கு இத்தனை கிராம் என்று கழிவு. அதற்கு மேல் குறைந்தால் கூலியில் பிடிப்பார். பி.காம். இரண்டாம் வருடத்தில் அடக்கவிலைக் கணக்கில், எதிர்பார்த்த இழப்பு இயல்பு நட்டம், அதற்கு மேல் போனால் அசாதாரண நட்டம் என்று பாடம் வந்திருக்கிறது. அன்று ராத்திரி அவன் அப்பா எப்போதும் போலப் பட்டறைத் தரையைப் பெருக்கி, அந்தக் குப்பையை டப்பாவில் கொட்டி மூடிக்கொண்டிருந்தார். வெள்ளித் தூள் இருக்கும், சேர்த்து வைத்து விற்பார்கள். அந்தப் பெருக்கலை வைத்து ஒரு கதை எழுதி எடுத்துக்கொண்டு வந்தான். கணக்கு இருந்தது, அப்பாவைப் பற்றி ஒரு பெருமூச்சுகூட இல்லை. என் கடைக்கு வந்த கையெழுத்துப் படிகளில் நான் ஒற்று மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்தவை குறைவு. அது ஒன்று.

விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியலுக்கு என்னிடம் பெரிய கருத்து இல்லை. கேமராவும் எடிட்டிங்கும் பிடித்தவர்கள் போகலாம். எழுத்துக்காக மட்டும் போனால் ஏமாற்றமாக இருக்கும், செலவும் அதிகம். இதழியலை எந்தப் பட்டம் படித்துவிட்டும் முதுகலையில் படிக்கலாம், பெரியார் பல்கலைக்கழகத்திலேயே துறை இருக்கிறது. அவசரம் வேண்டாம். பொறியியல்தான் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றால் சண்டை போட்டு வீட்டைவிட்டுப் போக வேண்டியதில்லை. சுஜாதாவை இதற்குத்தான் நாம் எல்லாரும் அப்பா அம்மாவிடம் சொல்லிக்காட்டுகிறோம். நான்கு வருடம், நிறைய அரியர் பயம், அதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நேரம். பாடத்தைவிட இது முக்கியம் என்றுகூடச் சொல்வேன். அரசுக் கல்லூரிகளில் பல பாடங்கள் இரண்டு சுழற்சியாக நடக்கின்றன. காலைச் சுழற்சி என்றால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். அறிவியல் பாடத்தில் பிராக்டிகல் இருக்கிற நாள் சாயங்காலம் ஆகிவிடும், ரெக்கார்டு எழுதவே தனியாக ஒரு ராத்திரி போகும். இதோடு பஸ் நேரத்தைச் சேருங்கள். முதல் வருடம் நான் ஏற்காட்டிலிருந்தே போய்வந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் நோட்டை மடியில் வைத்து எழுதலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். மூன்றாம் நாள் ஒன்பதாவது வளைவில் வாந்தி. அதற்கப்புறம் கண்ணை மூடிக்கொண்டு பேச்சுக் கேட்பதோடு சரி. அதுவும் வீண்போகவில்லை என்பது வேறு. இரண்டாம் வருடம் அம்மாப்பேட்டையில் சித்தி வீட்டில் தங்கினேன். தறிச் சத்தம், ஒரு குண்டு பல்ப், ஆனால் சொந்தமாக இரண்டு மணி நேரம். முதல் கதை அங்கேதான் முடிந்தது. ஒரு தாளை எடுத்து, நீங்கள் எடுக்க நினைக்கும் பாடத்தில் காலை எழுந்ததிலிருந்து படுக்கிறவரை நேரத்தை எழுதிப் பாருங்கள். ஒரு மணி நேரம்கூட மிஞ்சவில்லை என்றால் கல்லூரியையோ சுழற்சியையோ மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

இந்தத் தகவலையெல்லாம் துறைத் தலைவரிடம் கேட்காதீர்கள். மூன்றாம் வருடம் படிக்கிற பிள்ளையிடம் கேளுங்கள். நூலகத்தில் ஒரு தடவைக்கு எத்தனை புத்தகம் தருகிறார்கள், எடுக்க உள்ளே விடுகிறார்களா அல்லது சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டுமா, பாடப் புத்தகம் தவிர வேறு படிக்கிற ஆசிரியர் யார். மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயராவது வர வேண்டும். டீக்கடையில் ஒரு கால் மணி நேரம் போதும், டீக்கு நீங்களே காசு கொடுத்துவிடுங்கள்.

காசு. என் முதல் தொகுப்பு 300 பிரதி. தீர நான்கு வருடம் ஆனது. அதில் வந்த தொகையில் அம்மாவுக்கு ஒரு மிக்ஸி வாங்கினேன். ஆகவே பட்டம் சோறு போட வேண்டும் என்று வீட்டில் சொல்வது தப்பே இல்லை, அதை எதிரிப் பேச்சாக எடுக்காதீர்கள். தமிழோ வரலாறோ எடுத்து பி.எட். போகலாம், எந்தப் பட்டத்தை வைத்தும் டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம், தமிழ்வழியிலேயே படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீதம் முன்னுரிமை இருக்கிறது, பட்டப் படிப்பைத் தமிழில் எடுப்பதா ஆங்கிலத்தில் எடுப்பதா என்று முடிவு செய்யும்போது அதையும் கணக்கில் வையுங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2024 ஆகஸ்டிலிருந்து பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று அதே தொகை. அதில் 200 ரூபாயைப் புத்தகத்துக்கென்று முதல் தேதியே ஒதுக்கிவிடுங்கள். வீட்டுக்குத் தெரிந்தே ஒதுக்குங்கள், ஒளித்தால் சந்தேகம் வரும்.

தப்பான பாடத்தில் விழுந்துவிட்டால்? நடக்கும். முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டால் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். முதல் சில வாரங்களில் இடம் காலியாவதும் பிள்ளைகள் மாறுவதும் உண்டு. அதற்கப்புறம் என்றால் பாஸ் மார்க்குக்குக் குறையாமல் மூன்று வருடத்தை முடித்துவிட்டு முதுகலையில் மாறுவதே நல்லது. இளங்கலை எதுவாக இருந்தாலும் சில முதுகலைப் பாடங்களுக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். பாதியில் விட்டுவிட்டு எழுதப் போகிறேன் என்று கிளம்பிய இரண்டு பேரை எனக்குத் தெரியும். இரண்டு பேரும் இப்போது எழுதுவதில்லை. ஒருவர் மார்க்கெட்டிங்கில் இருக்கிறார், நன்றாகத்தான் இருக்கிறார்.

கலந்தாய்வுக்குக் கூப்பிட்டால் மாற்றுச் சான்றிதழ், பத்தாவது, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார், விண்ணப்ப நகல், எல்லாவற்றிலும் மூன்று ஜெராக்ஸ், போட்டோ ஆறு. ஜெராக்ஸை முந்தின நாளே எடுத்துவிடுங்கள், அன்றைக்குக் காலையில் கல்லூரி வாசல் கடையில் வரிசை கேட் வரை நிற்கும். தண்ணீர் பாட்டில். பேனா இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் உட்காரும் பிள்ளை கட்டாயம் ஒன்று கேட்கும்.